மாமியார் கையில் சிறுநீரகம்!

சகோதரிகளே! மாமியாரிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத மருமகள் உலகத்தில் உண்டா? உண்டு என்றால் அவள் கைக்குத் தங்க வளையல் போட நான் தயார். சினிமாவுக்குப் போனதைக் கோவிலுக்குப் போனதாகச் சொன்னது, நான் உடைத்த ஊறுகாய் ஜாடியைப் பூனையின் தலையில் கட்டியது – இவையெல்லாம் பொய்க் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. ஆனால் இரண்டு வருஷங்களுக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யை மட்டும் இன்றைக்கு நினைத்தாலும் மனசு சுருக்கென்கிறது. அதை வாயால் சொன்னதோடு விடவில்லை. மூன்று வாரம் தினந்தோறும் காலையில் தம்ளரில் ஊற்றியும் கொடுத்தேன்!

என் மாமியாருக்கு அப்போது 68 வயது. வயிற்றில் ஏதோ பொருமல் என்று டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அல்ட்ரா சவுண்டு எடுக்கச் சொன்னார். பொருமலுக்குக் காரணம் அகப்படவில்லை. யாரும் தேடாத ஒன்று அகப்பட்டது. இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. இந்த நாளில் சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேல் இப்படி வேறு எதையோ தேடப் போகும்போதுதான் கண்ணில் படுகின்றனவாம். பிறகு சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். புற்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

அன்று இரவு மாமியார் தூங்கிய பிறகு சமையலறையில் மகாநாடு கூடியது. என் கணவர், மைத்துனர், நான் ஆகிய மூவரும் நேரில். பெங்களூரிலிருந்து நாத்தனார் டெலிபோனில். "அம்மா தாங்கமாட்டாள்" என்றார் என் கணவர். "கல் என்று சொல்லிவிடலாம். ஆபரேஷன் செய்து கல்லை எடுக்கிறார்கள் என்றால் ஒத்துக்கொள்வாள்" என்றார் மைத்துனர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கியவள்தான்.

கல் என்று கேட்டதும் மாமியார் கொஞ்சமும் பதறவில்லை. "கல்தானே? நாளைக்கே வாழைத்தண்டு வாங்கி வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்! விடியற்காலையில் எழுந்து தண்டை வட்ட வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, அரைத்துப் பிழிந்து வடிகட்டிக் கொடுப்பது என் வேலையாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கல் கரைகிறது போலிருக்கிறது, வயிறு லேசாக இருக்கிறது" என்பார். அவர் வயிறு லேசாகும். என் வயிற்றில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டாற்போல் இருக்கும்.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரை நாங்கள் மட்டும் முதலில் போய்ப் பார்த்தோம். சின்ன வயசுதான், சாந்தமான முகம். நாங்கள் கட்டிய கதையைப் பொறுமையாகக் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "வியாழக்கிழமை அம்மாவை அழைத்து வாருங்கள். யார் உடம்பில் கத்தி வைக்கிறேனோ அவரிடம் பேசாமல் நான் வைப்பதில்லை" என்றார்.

வியாழக்கிழமை போனோம். டாக்டரின் மேஜைமேல் கண்ணாடியைப் போல் தெளிவான பிளாஸ்டிக்கில் ஒரு சாமான் இருந்தது. உள்ளே சிவப்பில் ஒரு கொடி, நீலத்தில் ஒரு கொடி, கிளை கிளையாய்ப் பிரிந்து ஓடின. ஓரத்தில் பச்சை நிறத்தில் ஓர் உருண்டை துருத்திக்கொண்டிருந்தது. மாமியார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கிளிமூக்கு மாங்காய் மாதிரி இருக்கிறதே! என்னப்பா இது?"

"சிறுநீரகம், அம்மா."

"யாருடையது?"

"உங்களுடையதுதான்."

அறையில் சத்தமே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருக்கிற சிறுநீரகம் மேஜைமேல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில் 1895-ல் ராண்ட்ஜென் என்ற பேராசிரியர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தாரே, அவர் அந்த டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவியின் கையைத்தான் படம் எடுத்தார். மோதிரம் போட்ட விரலின் எலும்பைப் பார்த்த அந்த அம்மாள், தன் மரணத்தையே பார்த்துவிட்டதாகச் சொன்னாள் என்பார்கள். ஆனால் எக்ஸ்ரே படம் தட்டையானது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அந்தக் குறையைத் தீர்த்தது ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலேயரின் சி.டி. ஸ்கான். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் விம்பிள்டன் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் அதற்குள் முதன் முதலாகப் படுத்த நோயாளியும் ஒரு பெண்தான்.

ரொட்டியைத் துண்டு போடுகிறோம் அல்லவா? அதைப் போல உடம்பைக் கத்தியில்லாமலே ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கும் மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்கிறது இந்த ஸ்கான். ஒவ்வொரு துண்டிலும் இது ரத்தக் குழாய், இது கட்டி என்று கம்ப்யூட்டரில் எல்லை கட்டி, நிறம் கொடுக்கிறார்கள். பிறகு முப்பரிமாண அச்சு இயந்திரம் அந்தத் துண்டுகளை அடியிலிருந்து ஒவ்வொரு படலமாக அடுக்கிக்கொண்டே போகிறது. மார்கழிக் கோலத்தின்மேல் கோலமாக ஆயிரம் கோலம் போட்டால் ஒரு கோபுரம் எழும்புமே, அப்படித்தான்! சார்லஸ் ஹல் என்ற அமெரிக்கர் 1986-ல் காப்புரிமை பெற்ற வித்தையிலிருந்து வளர்ந்தது இது. ஒரு மாதிரியைச் செய்து முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். எங்கள் டாக்டர் அதைச் செய்யச் சொன்னது எங்களுக்காக அல்ல. கட்டி ரத்தக் குழாய்க்கு அருகில் இருந்ததால், எங்கே வெட்டுவது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதற்காக.

சரி, அறைக்குத் திரும்புவோம்.

"கல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் மாமியார்.

டாக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "கல் இல்லை அம்மா. இந்தப் பச்சை உருண்டை ஒரு கட்டி. புற்றாக இருக்கலாம். எடுத்துப் பரிசோதித்தால்தான் நிச்சயமாகத் தெரியும்."

மாமியார் அழவில்லை. மயங்கி விழவுமில்லை. அந்த உருண்டையைக் கட்டை விரலால் தடவினார். "பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். இதை மட்டும் எடுத்தால் போதாதா? முழுசையும் எடுக்க வேண்டுமா?"

நாங்கள் மூன்று பேர், மூன்று வாரமாக, டாக்டரிடம் கேட்கத் தோன்றாத கேள்வி அது!

டாக்டரின் முகம் மலர்ந்தது. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்ல கேள்வி. கட்டியை மட்டும் எடுக்கத்தான் பார்ப்பேன். இந்தச் சிவப்புக் குழாயைச் சில நிமிஷம் இறுக்கிப் பிடித்து, ரத்தம் வராமல் நிறுத்தி, கட்டியை வெட்டித் தைத்துவிடுவேன். ஆனால் இதோ, இந்தக் கிளை கட்டியை ஒட்டிக்கொண்டு போகிறது பாருங்கள். அது முடியாமல் போனால் முழுசையும் எடுக்க நேரலாம். மற்ற சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ஒன்றை வைத்துக்கொண்டே வாழலாம்" என்றார்.

சம்மதப் பத்திரம் வந்தது. நர்ஸ் பழக்கதோஷத்தில் பேனாவை என் கணவரிடம் நீட்டினாள். மாமியார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "என் சிறுநீரகம், நான்தான் போடுவேன்" என்றார். நிதானமாக, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டார்.

இந்த மாதிரிகளால் உண்மையில் பலன் உண்டா என்று அறிந்தவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிறுநீரகக் கட்டியுள்ள 7 பேரிடம் அவரவர் சிறுநீரகத்தின் மாதிரியைக் காட்டுவதற்கு முன்னும் பின்னும் கேள்வி கேட்டார்கள். பார்த்த பிறகு சிறுநீரகத்தின் அமைப்பும் ஆபரேஷன் செய்யும் விதமும் அவர்களுக்கு முன்னைவிட நன்றாக விளங்கியிருந்தன. ஆனால் 7 பேர் என்பது சின்னக் கணக்கு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இருதயக் கோளாறுள்ள குழந்தைகளின் பெற்றோர் 97 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் குழந்தையின் இருதய மாதிரியைக் காட்டிப் பேசினார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. மாதிரி உபயோகமாக இருந்தது என்று பெற்றோரும் சொன்னார்கள், டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால் பரீட்சை வைத்துப் பார்த்தபோது, மாதிரியைப் பார்த்தவர்களுக்கு அதிக விஷயம் தெரிந்திருக்கவில்லை! இன்னொன்றும் தெரிந்தது: மாதிரியை வைத்துப் பேசியபோது சந்திப்பு சுமார் 5 நிமிஷம் நீண்டது.

எனக்கென்னவோ அந்த 5 நிமிஷத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. கையில் ஒரு பொருள் இருந்தால் நோயாளி அதைச் சுட்டிக் கேட்கிறாள். டாக்டரும் சுட்டிச் சொல்கிறார். அவள் தலைக்கு மேலே மகனும் டாக்டரும் பேசிக்கொள்ள முடிவதில்லை.

எல்லா ஆபரேஷனுக்கும் இது வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை, பணமும் செலவாகும். பார்க்க விருப்பமில்லாதவர்களும் உண்டு. அவர்களைப் பலவந்தப்படுத்தக் கூடாது. ஆனால் காகிதத்தில் பென்சிலால் ஒரு படம் போட்டுக் காட்டச் சொல்ல எந்த ஊரிலும் தடையில்லையே! கேளுங்கள், சகோதரிகளே. உங்கள் உடம்புக்காகவும் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேட்கவிடுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி மட்டும் போயிற்று, சிறுநீரகம் மிஞ்சியது. கட்டி புற்றுதான் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதையும் அவரிடம்தான் முதலில் சொன்னார்கள். குறித்த காலத்தில் பரிசோதனைக்குப் போய் வருகிறார்.

அந்த வியாழக்கிழமை டாக்ஸியில் வீடு திரும்பும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டே, "மன்னித்துவிடுங்கள், அம்மா" என்றேன்.

"கல் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்" என்றார். "சாறு கொடுக்கும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். என்னவோ ஏதோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நெல்லிக்காய் அளவுதான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."

"தெரிந்துமா அந்தச் சாற்றைத் தினமும் குடித்தீர்கள்?"

"என்ன செய்வது? விடியற்காலையில் எழுந்து நீ பிழிந்து கொடுத்தாயே!"