கல்லும் படமும் மலை இறங்கும்போது...

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



ஏற்காடு என்றால் உங்களுக்கு ஏரியும், படகும், லேடீஸ் சீட்டும், மலர்க் கண்காட்சியும் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் ஏற்காடு என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள்! என் அப்பா லாரி டிரைவர். சேர்வராயன் மலையிலிருந்து காப்பி மூட்டை, மிளகு மூட்டை, சில்வர் ஓக் மரம் என்று சேலத்துக்கு இறக்கியே எங்களை வளர்த்தவர். "வளைவுல வண்டிய ஒடிக்கிறது பெரிசில்ல கண்ணு, உள்ள இருக்குற லோடு ஒடியாம பாக்கணும்" என்பார்.

எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் ரேஷன் கார்டு முதல் வக்கீல் நோட்டீஸ் வரை வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். போன வருஷம் அப்படி வந்த ஒரு காகிதம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து சாமான்களைச் சேலத்துக்கு இறக்கினார்கள். கட்டில், பீரோ, பாத்திரங்கள்... அவற்றோடு கண்ணாடி போட்ட ஒரு பெரிய எண்ணெய் வண்ணப் படம். அந்த வீட்டு அம்மாவின் தாத்தாவை வரைந்தது. பழைய ஜமக்காளத்தில் சுற்றி பீரோ ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு வளைவில் பீரோ நகர்ந்தது. கண்ணாடி நொறுங்கி, படத்தின் துணி ஒரு முழம் கிழிந்தது. வண்டி எதிலும் மோதவில்லை, கவிழவும் இல்லை.

படத்தின் மதிப்பு 2 லட்சம் என்று நோட்டீஸ் வந்தது. லாரி முதலாளி அப்பாவின் சம்பளத்தில் மாதம் 3,000 பிடிக்க ஆரம்பித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை வருஷம்! அதற்குள் நான் டிப்ளமோ முடித்து வேலைக்கே போயிருப்பேன். முடிக்க விட்டால்தானே?

"வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, ஏங் கண்ணு, அது குடுக்காதா?" என்று அப்பா கேட்டார். நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். கொடுக்காது தோழர்களே! மோட்டார் இன்சூரன்ஸ் வண்டிக்கும், வண்டியால் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்கும்தான். வண்டிமேல் ஏற்றிய சரக்கு அதில் சேராது. சரக்குக்குத் தனியாக 'டிரான்சிட்' பாலிசி எடுக்க வேண்டும்.

அதிலும் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. 'சி'யில் தீயும் இடியும் மட்டும். 'பி'யில் வண்டி மோதினாலோ, கவிழ்ந்தாலோ, பாலம் உடைந்தாலோ பணம் கிடைக்கும். உள்ளேயே குலுங்கி உடைந்தால் 'ஏ' வகைதான் உதவும். அதிலும் பேக்கிங் சரியில்லை என்றால் கிடைக்காது! ஜமக்காளத்தில் சுற்றியதைப் பேக்கிங் என்று எந்த சர்வேயர் ஒப்புக்கொள்வார்?

சேலம் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அங்கிருந்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது லாரி ரசீதைத்தான். அதில் சரக்கு என்ற இடத்தில் 'வீட்டுச் சாமான்' என்று இருந்தது. மதிப்பு என்ற கட்டம் காலி. வாடகை 4,500. மூலையில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ரப்பர் ஸ்டாம்ப்.

அவர் பொறுமையாக விளக்கினார். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கலைப்பொருள்களுக்குத் தனி இடம் இருந்தது. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கலைப்பொருளை ஏற்றும்போது, இன்ன பொருள், இன்ன மதிப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொதுவாக லாரிக்காரர் பொறுப்பில்லை. இப்போது நடப்பில் இருப்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் விதிகள் 2011-இல் வந்தன. மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்குதான். ஆக, 4,500 வாடகைக்கு 45,000!

அதற்காக லாரிக்காரர் சும்மா தப்பிவிடவும் முடியாது. 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அடித்திருந்தாலும் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு அவர்தான் பொறுப்பு என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சரக்கை ஏற்றுக்கொண்ட முதலாளி, ஸ்டியரிங் பிடித்தவர் அல்ல. இதைக் கேட்டதும்தான் அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைசியில் முதலாளியும் அந்த அம்மாவும் 40,000-க்குப் பேசி முடித்தார்கள். சம்பளப் பிடித்தம் இரண்டு மாதத்தோடு நின்றது. பிடித்த 6,000 இன்னும் வரவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழிந்தது அவருடைய தாத்தாவின் முகம் அல்லவா? அதை எந்தப் பணம் தைத்துக் கொடுக்கும்?

இதன் பிறகு நூலகத்தில் தேடித்தேடிப் படித்தேன். கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் கோயிலின் சோழர் கால நடராஜர் 1950-களில் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டார். திரும்பி வந்ததோ போலிச் சிலை! அசல், கைமாறிக் கைமாறி அமெரிக்காவுக்குப் போனது. 1973-இல் அங்கே 9 லட்சம் டாலருக்கு விற்றது. 1986-இல்தான் நாடு திரும்பியது. கொடுத்த பொருள்தானா திரும்பி வந்தது என்று காட்டப் படமும் அளவும் எடையும் கையில் வேண்டும் என்பது இதில் நான் கற்ற பாடம்.

1962-இல் மோனாலிசா ஓவியம் பிரான்சிலிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றது. இன்சூரன்ஸுக்காக அதை 10 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் பிரீமியத்தைவிடக் காவலுக்கு ஆகும் செலவு குறைவு என்று இன்சூரன்ஸே எடுக்கவில்லை! நஷ்ட ஈட்டைவிட நஷ்டம் வராமல் பார்ப்பதே மேல் என்று அவர்களும் அப்பா மாதிரியே நினைத்திருக்கிறார்கள்.

நம் ஏற்காட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். அவர் சேகரித்த கற்கருவிகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தக் கல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? எந்த ஊரில், எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பிலிருந்துதான்! வழியில் குறிப்புச்சீட்டு தொலைந்தால் கல் உடையாமல் வந்தும் பாதி போனதுதான்.

தோழர்களே! நாளை நம்மில் பலர் டெஸ்பாட்ச் பிரிவிலோ ஸ்டோர்ஸிலோ கையெழுத்துப் போடப் போகிறோம். அது சிலையானாலும் சரி, லேத் மிஷினானாலும் சரி. ஏற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். பொருளின் பெயரைச் சரியாக எழுதுங்கள். மதிப்புக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பாலிசி ஏ-வா, பி-யா என்று கேளுங்கள். இறக்கும்போது உடைசல் இருந்தால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ரசீதில் இருக்கும் ஏட்டுச் சுரைக்காய் ஒரு குடும்பத்தின் ஐந்தரை வருஷக் கஞ்சிக்கு உதவும். படிக்கத் தெரிந்த நாம், படிக்கத் தெரியாதவர்களுக்காகவும் சேர்த்துப் படிப்போம்!