எந்த டியூப்புக்குப் பயப்படணும்?

"சன்ஸ்கிரீன் பூசினா கெமிக்கல் இரத்தத்துல கலக்குமாம்" என்று கெம்பஸ் தோழிகள் பயப்படுகிறார்கள். அதில் பாதி உண்மை. 2019இல் வெளிவந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வில் அவோபென்சோன், ஒக்ஸிபென்சோன் இரண்டும் இரத்தத்தில் காணப்பட்டன. ஆனால் அவற்றால் தீங்கு என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. சன்ஸ்கிரீனை நிறுத்தவும் சொல்லவில்லை. பயம் போகலன்னா சிங்க் ஒக்சைட் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

எங்க மடுல்சீமைத் தோட்டங்களில் எனக்குப் பயம் வேற ஒரு டியூப்பைப் பார்த்துத்தான். கல்யாணம் நெருங்கினா பிள்ளைகள் வாங்குற, லேபலே இல்லாத வெள்ளையாக்கும் கிரீம். இந்த மாதிரி கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள கிரீம்களை 2020க்குள் நிறுத்தச் சொன்னது மினமாட்டா உடன்படிக்கை. இலங்கையும் அதில் சேர்ந்த நாடுதான்.

அம்மா வருஷக்கணக்கா வெயில்லதான் கொழுந்து எடுக்கிறாங்க. தலைத்துண்டும் முழுக்கைச் சட்டையும்தான் அவங்க சன்ஸ்கிரீன். அதுல எந்தக் கெமிக்கல் பயமும் இல்ல. ஆனா லீவுக்கு வர்ற என்னைப் பார்த்ததும் "கறுத்துப் போயிட்டியே"ன்னு முதல்ல சொல்றதும் அம்மாதான். அந்தப் பேச்சுதான் லேபல் இல்லாத டியூப்பை வித்துக் கொடுக்குது.