உபரியும் நிரவலும்

'உபரி' என்ற சொல்லுக்கு வடமொழியில் 'மேலே' என்று பொருள். தேவைக்கு மேல் மிஞ்சியது உபரி. அணை நிரம்பி வழிவதை உபரிநீர் என்கிறோம். அதில் எவருக்கும் வருத்தமில்லை. ஒரு மனிதரை அச்சொல்லால் சுட்டும்போதுதான் அது குத்துகிறது. பள்ளிக் கல்வித்துறை 'உபரி ஆசிரியர்' என்று பட்டியல் எடுக்கும்போது, மிகையானது பணியிடமா ஆசிரியரா என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது.

அதே துறையிடம் இதற்கு மருந்தாக ஒரு நல்ல சொல்லும் இருக்கிறது: பணிநிரவல். நிரவுதல் உழவர் வாயில் புழங்கும் சொல். மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிலத்தைச் சமன் செய்வது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிணற்றுப் பாசன நிலங்களில் இன்றும் நடக்கிற வேலை. மேடான மண்ணை யாரும் குப்பை என்று வரப்புக்கு வெளியே கொட்டுவதில்லை. அதே வயலில் அதற்கொரு பள்ளம் காத்திருக்கிறது. ஆட்குறைப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் உயர்கல்வியில் நடந்த பெரும் நிரவல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினுடையது. நிதி நெருக்கடியில் சிக்கிய அப்பல்கலைக்கழகத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. தேவைக்கு மிகுதியாக இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் பின்னர் படிப்படியாக மாநிலமெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அப்படி எங்கள் பக்கம் வந்த ஒருவரை அறிவேன். வேலை போகவில்லை, வீடு சிதம்பரத்தில். வெள்ளி மாலை திருச்சி வழியாகப் புறப்பட்டுத் திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிடுவார். பொருள்வயிற் பிரிவைப் பாடம் நடத்தும் எனக்கு அவரைப் பார்க்கும்போது அந்த இலக்கணம் பழையதாகத் தோன்றியதில்லை.

இதற்கு நேர்மாறானது மக்கள் நலப் பணியாளர்களின் கதை. 1989இல் ஊராட்சிகளில் அமர்த்தப்பட்ட அவர்கள், ஆட்சி மாறும்போதெல்லாம் நீக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும் வந்தனர். 2011 நவம்பரில் நீக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 13,500 பேர். 2022இல் அரசு அவர்களுக்கு ஒரு மாற்றுப் பணியை முன்வைத்தது: ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர், மாத மதிப்பூதியம் 7,500 ரூபாய். பழைய பணியையே கேட்டு வழக்கில் நின்றவர்களும் உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றம் அரசின் ஏற்பாட்டை ஏற்றது. சிதம்பரத்தாருக்கு ஊதியம் நிலைத்தது, ஊர் போயிற்று. இவர்களுக்கு ஊர் நிலைத்தது. இழந்த ஆண்டுகள் இழந்தவையாகவே நின்றன. மாற்றுப் பணி என்று ஒரே பெயரில் சொன்னாலும், எது கூட வருகிறது, எது பின்தங்கிவிடுகிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

அரசின் வயல் பெரியது. தனியார் கல்லூரியின் வயல் நாலு சென்ட். 2018இல் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் கல்லூரிகளில் பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை இருபதுக்கு ஒருவர் என்று தளர்த்தியது. நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து 240 மாணவர் படிக்கும் ஒரு துறைக்குப் பதினாறு பேர் வேண்டியிருந்த இடத்தில் பன்னிரண்டு பேர் போதும். மாணவரே வராத துறைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் துறையில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு, அடுத்த கல்வியாண்டில் துறைக்கு இருவர் போதும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. "சார், எங்க தாளாளர் தமிழ்லதான் படிப்பார். நீங்க எழுதிக் கொடுங்க" என்று வந்தார். அவர் எழுதிவைத்திருந்த வரைவு 'கருணை கூர்ந்து' என்று தொடங்கியது. அதை அடித்துவிட்டு, கல்லூரியில் செய்ய ஆளில்லாத வேலைகள் எவை என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு அடுக்கினார். முதலாண்டு மாணவர்க்குப் பொறியியல் வரைபடம் நடத்த ஆள் பற்றவில்லை. பணிமனைப் பொறுப்பாளர் ஓய்வுபெற்று ஓராண்டாகிறது. வேலைவாய்ப்புப் பிரிவில் தொழிற்சாலைகளோடு பேசத் தெரிந்தவர் இல்லை. மனுவில் அந்த மூன்று பள்ளங்களையும் எழுதினோம். அவரைப் பற்றி இரண்டே வரிதான்.

நிர்வாகம் இசைந்தது, ஒரு நிபந்தனையோடு: ராஜினாமா செய்துவிட்டுப் புதிய நியமன ஆணை பெற்றுக்கொள்ள வேண்டும். பார்வைக்கு எளிய தாள் மாற்றம். ஆனால், ஆசிரியர்க்கும் பணிக்கொடை உண்டு என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குக் கணக்கு, தொடர்ந்த பணி. இடையில் ஒரு ராஜினாமா விழுந்தால் பதினான்கு ஆண்டுகளின் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகிவிடும். நண்பர் ராஜினாமாக் கடிதம் தர மறுத்து, பணிமாற்ற ஆணையே கேட்டார். மூன்று வாரம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். ஊதியத்தில் கொஞ்சம் குறைந்தது. நியமன நாள் மாறவில்லை. இன்று பணிமனையில் எண்ணெய்க் கறையோடு நிற்கிறார். உடன் இருந்த இருவர் கேட்காமலேயே வெளியேறினார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், கடைசியில் வந்தவரே முதலில் போகவேண்டும், மறுபடி ஆளெடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை என்று விதித்திருந்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. ஆசிரியர் அந்தப் பொருளில் தொழிலாளர் அல்லர் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மதிப்புக்குரிய பணி என்று சொல்லியே காப்பில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நண்பர் சிரிப்பார்.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறு பட்டறைகளில் கூலிக்குப் பூட்டுச் செய்தவர்களை உபரி என்று யாரும் பட்டியலிட்டதில்லை. ஆர்டர் குறைந்தது, வேலை நின்றது, அவ்வளவுதான். அவர்களுக்கு மனு எழுத முகவரியே இருந்ததில்லை. முகவரி இருக்கிறவர்களாவது எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். கருணை கேட்டு அல்ல. பள்ளம் எங்கே இருக்கிறது என்று காட்டி. மேட்டில் நிற்பவருக்குத்தான் அது முதலில் தெரியும்.