எளியவர்க்கு ஒரு வாகனம்

குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் மனிதன் ஏறிச் செல்வதற்காகவும் அவனுக்கு அழகாகவும் படைத்ததை அருள்மறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். மனிதன் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்னும் கருத்தோடு அவ்வசனம் நிறைவு பெறுகிறது. அதை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் ரயிலையும் விமானத்தையும் காரையும் சுட்டிக் காட்டுவது என் வழக்கம். நல்ல வாகனம் வாய்ப்பது மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என்பது நபிமொழி தரும் கருத்து. ஆகவே, வாகனத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட மார்க்கம் நமக்குச் சொல்லவில்லை.

மதரஸாவில் பாடம் நடத்துகிறவருக்கு ஜப்பானியக் கார் கம்பெனிகளைப் பற்றி என்ன கவலை என்று வாசக நேயர்கள் கேட்கக்கூடும். கல்லூரியில் வரலாறு பயின்ற நாளிலிருந்தே, போரில் சாம்பலாகிப் பின் எழுந்து நின்ற ஜப்பானின் கதை என் மனத்தைக் கவர்ந்து வந்திருக்கிறது. சிக்கனமாகவும் உறுதியாகவும் கார் செய்பவர்கள் என்று உலகெங்கும் பெயரெடுத்த அந்நாட்டுக் கம்பெனிகளுள் சில இன்று தள்ளாடுகின்றன. அது முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துபோகும் செய்தியாக இருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. எளிய குடும்பம் ஒன்று தன் சக்திக்குள் ஒரு வாகனம் வாங்க முடியுமா என்ற கேள்வியும் அதனுடன் பிணைந்திருக்கிறது.

நிஸானின் நெருக்கடி

1933இல் தோன்றிய நிஸான் கம்பெனி, 2024 நவம்பரில் 9,000 பேரை வேலையிலிருந்து குறைக்கப் போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் அதற்கு ஏற்பட்ட நட்டம் 67,090 கோடி யென். அவ்வாண்டு மே மாதத்தில் ஆட்குறைப்பின் எண்ணிக்கை 20,000 ஆக உயர்ந்தது. 17 தொழிற்சாலைகளைப் பத்தாகக் குறைப்பது என்றும் முடிவாயிற்று. ஜூலையில் வந்த அறிவிப்பு ஜப்பானியரின் நெஞ்சையே தொட்டது. 1961 முதல் இயங்கிவரும் ஒப்பாமா தொழிற்சாலையில் 2028 மார்ச்சுக்குள் கார் உற்பத்தி நிறுத்தப்படும் என்பதே அது. ‘லீஃப்’ என்னும் மின்சாரக் கார் 2010இல் பிறந்த இடம் அது. சுமார் 2,400 பேர் அங்கு வேலை பார்க்கிறார்கள்.

இதற்கிடையே ஹோண்டாவும் நிஸானும் ஒன்றாக இணைவது பற்றி 2024 டிசம்பரில் பேச்சைத் தொடங்கின. நிஸானைத் தன் துணைக் கம்பெனியாக்கிக் கொள்ள ஹோண்டா விரும்பியது, நிஸான் இசையவில்லை. 2025 பிப்ரவரியில் பேச்சு முறிந்தது. கார் ஏற்றுமதியில் 2023ஆம் ஆண்டிலேயே சீனா ஜப்பானை முந்திவிட்டது. மிட்சுபிஷி கம்பெனி சீனாவில் கார் உற்பத்தியையே அந்த ஆண்டில் கைவிட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா விதித்த கூடுதல் இறக்குமதி வரி, பின்னர் குறைக்கப்பட்டபோதிலும், ஜப்பானியக் கம்பெனிகள் அனைத்தையும் பதம் பார்த்தது.

நம் மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோவுடன் சேர்ந்து 2010இல் நிஸான் திறந்த தொழிற்சாலையில், தனக்கிருந்த 51 விழுக்காடு பங்கை 2025இல் ரெனோவுக்கே அது விற்றுவிட்டது. நிஸானின் கார்கள் அங்கே தொடர்ந்து தயாராகும் என்று அறிவித்திருப்பது ஓர் ஆறுதல்.

மக்களுக்கென்று பிறந்த கார்

இவ்வளவு பெரிய தொழில் எப்படி வளர்ந்தது? 1955இல் ஜப்பானிய வர்த்தகத் தொழில் அமைச்சகம் ‘மக்கள் கார்’ என்றொரு திட்டத்தைத் தீட்டியது. நால்வர் அமரவேண்டும், மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடவேண்டும், விலை 2,50,000 யென்னைத் தாண்டக் கூடாது. அத்திட்டம் சட்டமாகவில்லை. ஆயினும் எளியவனுக்கு எட்டும் விலையில் ஒரு கார் என்ற எண்ணம் கம்பெனிகளின் உள்ளத்தில் வேரூன்றியது. 1966இல் நிஸானின் ‘சன்னி’யும் டொயோட்டாவின் ‘கொரோலா’வும் சந்தைக்கு வந்தன. சம்பளக்காரக் குடும்பங்கள் தங்களுக்கென்று கார் வாங்கத் தொடங்கிய முதல் ஆண்டு என்று அதனை ஜப்பானியர் இன்றும் குறிப்பிடுகின்றனர்.

இவற்றினும் சிறியது ‘கேய்’ எனப்படும் குட்டிக் கார். அதற்கென 1949இலேயே அரசு தனி விதி வகுத்தது. 360 சி.சி. என்றிருந்த இயந்திரத்தின் அளவு 1976இல் 550 ஆகவும் 1990இல் 660 ஆகவும் உயர்த்தப்பட்டது. வண்டியின் நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும் மீறக்கூடாது. அளவுக்குள் அடங்கினால் வரியில் சலுகை உண்டு. சாதாரணச் சிறு காருக்கு ஆண்டு வரி 25,000 யென் என்றால், இதற்கு 10,800 யென்தான். ஜப்பானில் விற்பனையாகும் புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தக் குட்டி வண்டிகளே.

வாங்குவோர் யார் என்று பார்த்தால் இதன் அருமை விளங்கும். இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, ஜப்பானின் கிராமங்களில் முதியோரே மிகுந்திருக்கின்றனர். பல ஊர்களில் ரயில் நின்றுபோயிற்று, பேருந்தும் குறைந்துவிட்டது. மருத்துவரிடம் போகவும் அரிசி வாங்கி வரவும் அந்த முதியவருக்குக் குட்டிக் கார்தான் கால். அதன் விலை ஏறுவது அவருடைய காலைக் கட்டிப் போடுவதற்கு ஒப்பாகும்.

அளவறிந்து நடந்தவர்கள்

1950இல் டொயோட்டா ஏறக்குறைய திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்கிகள் கூடிக் கைகொடுத்தன. ஆனால் ஆட்குறைப்பு நிபந்தனையாயிற்று. ஆட்களை வெளியேற்றுவதில்லை என்று உறுதி கூறியிருந்த நிறுவனர் கீச்சிரோ டொயோடா, அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார். அவருக்குப் பின் வந்த தைசோ இஷிதா, தன் கோட்டையைத் தானே காக்கவேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்டார். கடன்காரர் முன் தலைகுனிந்து நின்ற அந்த நாளை அக்கம்பெனி மறக்கவில்லை. கையில் பணம் சேர்த்து வைத்துத் தொழில் செய்யும் வழக்கம் அன்று வேர்கொண்டது.

நிஸானின் பாதை வேறு. 1999இல் அதன் கடன் சுமார் இரண்டு இலட்சம் கோடி யென்னாகப் பெருகி, பிரான்சு நாட்டு ரெனோவின் துணையை அது நாட நேர்ந்தது. கார்லோஸ் கோன் வந்தார், 21,000 வேலைகளைக் குறைத்தார், கடனையும் அடைத்தார். அத்துடன் நின்றிருக்கலாம். 2011இல் உலகச் சந்தையில் எட்டு விழுக்காட்டை எட்டிப் பிடிப்பது என்ற இலக்கு வகுக்கப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகின. அமெரிக்காவில் தள்ளுபடிக்கு மேல் தள்ளுபடி கொடுத்து வண்டிகள் விற்கப்பட்டன. எண்ணிக்கை கூடியது, இலாபமும் காரின் மதிப்பும் தேய்ந்தன. இன்று மூடப்படும் தொழிற்சாலைகளுக்கு அந்த மிகைவேகமும் ஒரு காரணம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது கம்பெனிக்கும் பொருந்துகிறது.

சுஸுகியை இதனோடு ஒப்பிடலாம். தறி செய்து வாழ்ந்த அந்தக் கம்பெனி, 1979இல் ‘ஆல்டோ’வை 4,70,000 யென்னுக்கு விற்றது. ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு கிராம் எடையையும் ஒரு யென் செலவையும் குறைக்க வழிதேடுமாறு தன் ஊழியர்களைத் தூண்டியது. 2012இல் அமெரிக்காவில் கார் விற்பனையையும், 2018இல் சீனத் தொழிலையும் விட்டு விலகியது. பெரிய சந்தைகளை விட்டுவிட்டதாகப் பலர் இகழ்ந்தனர். சிறிய காரும் இந்தியாவும் அதைத் தாங்கி நிற்கின்றன. 1983 டிசம்பரில் ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய்க்கு வந்த ‘மாருதி 800’ எத்தனை நடுத்தரக் குடும்பங்களைத் தாங்கியது என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அதற்கு வித்திட்ட ஒசாமு சுஸுகி 2024 டிசம்பரில், தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

மலிவும் நேர்மையும்

மலிவாகச் செய்தால் மட்டும் போதுமா? தன் பழைய ‘டட்சன்’ பெயரை உயிர்ப்பித்து, 2014இல் இந்தியாவில் நிஸான் ‘கோ’ என்ற சிறு காரை வெளியிட்டது. ஒரகடத்தில் செய்யப்பட்ட வண்டி அது. அவ்வாண்டு நடந்த மோதல் சோதனையில் அதற்குப் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. 2022இல் டட்சன் பெயரே நிறுத்தப்பட்டது. ஏழைக்கு எது கொடுத்தாலும் போதும் என்ற நினைப்பை ஏழையே ஏற்கவில்லை. தன் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியல்லவா?

டைஹாட்சு செய்தது இதனினும் வருந்தத்தக்கது. டொயோட்டாவின் துணைக் கம்பெனியான அது குட்டிக் கார்களுக்குப் பேர்போனது. பாதுகாப்புச் சோதனைகளில் அது பல ஆண்டுகளாக முறைகேடு செய்து வந்தது 2023 டிசம்பரில் வெளிப்பட்டது. 64 வகை வண்டிகள் அதில் சிக்கின. எல்லாக் கார்களையும் வெளியே அனுப்புவதை அக்கம்பெனி நிறுத்த வேண்டியதாயிற்று. குறுகிய காலத்தில் வண்டியை உருவாக்கி முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியே ஊழியர்களை அவ்வழியில் தள்ளியதாக விசாரணைக் குழு கூறியது. அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று அருள்மறை ஒரு தனி அத்தியாயத்தையே தொடங்குகிறது. படியும் தராசும் மட்டுமே அளவைகள் என்று எண்ணிவிடலாகாது. ஒரு காரின் சோதனைச் சான்றிதழும் அளவைதான்.

இனி என்ன?

இன்று ‘ஆல்டோ’வின் தொடக்க விலையே ஜப்பானில் பத்து இலட்சம் யென்னைத் தாண்டிவிட்டது. மிகுதியாக விற்கும் ஹோண்டா ‘என்-பாக்ஸ்’ 16 இலட்சத்துக்கும் மேல். பாதுகாப்புக் கருவிகள் கூடியது ஒரு காரணம். மூலப்பொருள் விலை மற்றொன்று. சிறு காரில் இலாபம் குறைவு என்பதால், நட்டத்திலிருக்கும் கம்பெனிக்குப் பெரிய வண்டிகளின்மீதே கண் செல்லும். சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனியோ 2025 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் மின்சாரக் குட்டிக் கார் ஒன்றைக் காட்டி, ஜப்பானியரின் அடுப்படிவரை வந்துவிட்டது. போட்டியால் விலை குறைந்தால் எளியவருக்கு நன்மை. நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. எளியவரை மறவாத கம்பெனிகளுக்கு எதிர்காலம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் ‘வாங்கத்தக்க விலை’ என்பதைக் கம்பெனி மட்டும் முடிவு செய்வதில்லை. எங்கள் மஹல்லா இளைஞர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். அவருடைய தந்தையை வாரத்துக்கு இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

“ஹஜ்ரத், முன்பணமே வேண்டாமென்று சொல்கிறார்கள். மாதத் தவணை மட்டும் கட்டினால் போதும். வாங்கலாமா?” என்றார்.

“காரின் விலை என்ன, தம்பி?” என்று கேட்டேன்.

அவரால் சட்டென்று சொல்ல இயலவில்லை. தவணைத் தொகை மட்டும் நாநுனியில் இருந்தது. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, ஏழாண்டுத் தவணைகளை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தோம். வட்டியாகப் போகும் தொகைக்கே பழைய கார் ஒன்று வாங்கலாம் போலிருந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மௌனமாக எழுந்து போனார். சில மாதங்கள் தந்தையை ஆட்டோவில் அழைத்துச் சென்றார். பிறகு, சேர்த்த பணத்துடன் தம் மாமாவிடம் வட்டியில்லாக் கைமாற்றும் பெற்று, நல்ல நிலையிலிருந்த பழைய மாருதி ஒன்றை வாங்கினார்.

தவணையில் வாங்குவதையே மார்க்கம் தடுக்கவில்லை. விலையும் தவணைக் காலமும் முதலிலேயே உறுதி செய்யப்பட்டு, தாமதத்துக்காகத் தொகை வளராதிருந்தால் அது வியாபாரம் என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. வட்டியோ ஹராம். கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வசதியுள்ள ஜமாஅத்துகள் வட்டியில்லாக் கடன் நிதியை வலுப்படுத்தினால், மருத்துவமனைக்குப் போக வாகனம் தேடும் மகனுக்கு மாமா ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற நிலை மாறும். இது நம் கையிலேயே இருக்கிற காரியம்.

ஒப்பாமா தொழிலாளரின் இல்லங்களில் அடுத்த வேலை எங்கே என்ற கவலை இப்போது நிறைந்திருக்கும். அளவு மீறியவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். அதன் விலையைக் கொடுப்பவர்கள் பட்டறையில் நிற்கிறார்கள். குடும்பத்திலும் இதுவே நடக்கிறது. தலைவர் வாங்கும் கடனைப் பிள்ளைகளின் படிப்பும் மனைவியின் நகையும் அடைக்கின்றன. புதிய கார் வாங்க நினைக்கும் சகோதரர்கள் கையெழுத்திடும் முன் இல்லத்தரசியையும் அருகில் அமர்த்திக் கொண்டு, மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். ஹலாலான வருவாயில், சக்திக்குட்பட்டு, பரக்கத் நிறைந்த வாகனத்தை நம் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.