இரண்டேகால் அடி

பெண்கள் செய்கிற வேலைகளில் பாதிக்கு மேல் குனிந்தோ குந்தியோ செய்பவை. நாற்று நடுவது, களையெடுப்பது, வாசல் பெருக்கிக் கோலம் போடுவது. எங்கள் வீட்டில் அடுப்பு மட்டும் கேஸ் வந்த பிறகு மேடையேறியது. களைக்கொத்தின் பிடியோ இன்னும் ஒரு முழத்தைத் தாண்டவில்லை. கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்கள், குட்டைப்பிடிக் கொத்து முதுகை முறிக்கிறது என்று வழக்காடி 1975இல் அதற்குத் தடை வாங்கினார்கள். இங்கே ஒரு பிடியின் நீளத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அம்மாவுக்கு 71 வயது. மூட்டுத் தேய்மானம். “குனியாதீங்க, குந்தாதீங்க” என்றார் டாக்டர். தோட்டத்தையே விடச் சொன்னதாக வீடு அதைப் புரிந்துகொண்டது. “கீரைதானே, கடையில வாங்கிக்கலாம்” என்றான் அண்ணன். அந்த வீட்டில் அப்பாவைக் கேட்காமல் அம்மா முடிவெடுத்த ஒரே இடம் கொல்லைப்புறம். என் முதல் கல்லூரிக் கட்டணத்தில் பாதி, அவள் தெருவில் விற்ற கீரையும் புதினாவும். அதைக் கடையில் வாங்க முடியாது.

கோடை விடுமுறையில் செங்கல் இறக்கினேன். ஒன்றரை அடி உயரம் போதும் என்றார் கொத்தனார். அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, மடக்கிய முழங்கைக்கு ஒரு சாண் கீழே கோடு கிழித்தோம். இரண்டேகால் அடி வந்தது.

“அவ்ளோ உயரம் கட்டினா சமாதி மாதிரி இருக்கும் மேடம்.”

“இருந்துட்டுப் போகட்டும் தம்பி, நான் பக்கத்துல நிக்கத்தானே போறேன்” என்றாள் அம்மா.

நீளம் எட்டு அடி. அகலம் மூன்றடிதான். இரண்டு பக்கமும் நடக்க வழி இருந்தால் ஒன்றரை அடிக்கு மேல் கை நீட்ட வேண்டியதில்லை. அடி வரிகள் இரண்டை மூன்று விரற்கடை உள்ளே தள்ளச் சொன்னது சித்தாளாக வந்த அக்கா. “பாதம் உள்ள போகலைன்னா சாய்ஞ்சுக்கிட்டே நிக்கணும், இடுப்பு போயிடும்.” அவர் சொன்னபோது கொத்தனாரின் காதில் விழவில்லை. அதையே நான் சொன்னதும் விழுந்தது.

மொத்தம் 54 கன அடி. ஈரமண் கன அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது, முழுக்க மண்ணென்றால் இரண்டு டன்னைத் தாண்டும். (மொட்டை மாடியில் கட்ட நினைப்பவர்கள் முதலில் ஒரு பொறியாளரைக் கேளுங்கள்.) கீழ்ப்பாதியில் தேங்காய் மட்டை, காய்ந்த ஓலை, முருங்கைக் கிளை. மேலே செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு. தண்ணீர் வடிய அடியில் குழாய்த் துண்டுகள். மட்டை மக்க மக்க மண் இறங்கும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். தரையைவிடச் சீக்கிரம் காய்வதால் சித்திரையில் இரண்டு வேளை தண்ணீர், மேலே சருகு மூடாக்கு.

அம்மா இனிக் குனிய வேண்டாம் என்பதற்காக ஒவ்வொரு சட்டி மண்ணையும் அந்த உயரத்துக்குத் தூக்கிக் கொட்டியவர் அந்த அக்காதான். கூலி கொத்தனாருக்குக் கொடுத்ததில் ஏறக்குறையப் பாதி. அன்றைக்கு நான் கூட்டிக் கொடுத்தேன். அடுத்த வீட்டில் பழைய கூலிதான். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண் ஏறி நிற்கும் இதணத்தைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்த இதணத்துக்கு மரம் சுமந்தது யாரென்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஓரத்தில் தூதுவளை, நடுவில் சிறுகீரையும் கொத்தமல்லியும். புதினா பரவி மற்றதை விழுங்கிவிடும் என்று தனித் தொட்டியோடு புதைத்திருக்கிறாள். நின்றபடியே களை பிடுங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை வரும் அண்ணனுக்குப் பாத்தி தாழ்வு. கீரை வேண்டுமென்றால் அவன்தான் குனிந்து கிள்ளிக்கொள்கிறான். முதுகு வலிக்கிறதாம்.