வெள்ளைக் கொடி

மருதானைப் புகையிரத நிலையத்திலே திருகோணமலை வண்டிக்குக் காத்திருக்குந்தோறும் எட்வேட் ஹியூஸ் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் என் நினைவில் எழுவார். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியவர் அவர். யூலை 6இல் நாகபட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனுடன் பொருதபின், பழுதுற்ற கப்பல்களைச் செப்பனிடச் சென்னைக்குச் சென்றார். ஓகஸ்ட் 20 வரையில் புறப்பட்டாரில்லை. செப்டெம்பர் 2இல் திருகோணமலையை அணுகியபோது, கோட்டையில் பிரெஞ்சாரின் வெள்ளைக் கொடி பறந்தது! மறுநாள் நிகழ்ந்த கடும்போரும் துறைமுகத்தை மீட்டுத் தரவில்லை.

விரைந்திருக்கலாகாதா என்று அவரைக் குறைகூறுவோர் உளர். யான் கூறத் துணியேன். தந்தையார் நோயுற்ற செய்தி எட்டியபோது, பரீட்சை முடியட்டுமென இரண்டு நாள் தாமதித்தேன். திருகோணமலை சேர்ந்தபோது எங்கள் வாயிலிலும் வெள்ளைக் கொடியே கட்டியிருந்தது.