வெண்கரு சொன்ன பாடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்காக எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நாற்று நடப் போனவள் என் அக்காள். ஊருக்குப் போகும்போதெல்லாம், "தம்பி, இப்போ என்ன படிக்கிறே?" என்று ஆசையாகக் கேட்பாள். இந்த ஆண்டு கேட்டபோது, "புரதம். உனக்குப் புரியாது அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் சோறு போட்டாள்.

உண்மையில் எனக்கே அப்போது புரிந்திருக்கவில்லை. மனப்பாடம் மட்டும் செய்திருந்தேன். புரதங்கள் மூவகை: எளியவை, கூட்டுப் புரதங்கள், வருவிக்கப்பட்டவை. அமினோ அமிலங்களால் மட்டுமே ஆனவை எளியவை. அவற்றுள் ஆல்புமின் நீரில் கரையும். குளோபுலின் நீரில் கரையாது, நீர்த்த உப்புக் கரைசலில் கரையும். தலைமுடியிலுள்ள கெரட்டின் இரண்டிலும் கரையாது. வேறொரு பொருளும் சேர்ந்திருந்தால் கூட்டுப் புரதம்; இரும்பைத் தாங்கிய ஹீமோகுளோபினும், பாஸ்பேட் சேர்ந்த பாலின் கேசினும் இவ்வகை. புரதம் மாறியோ சிதைந்தோ வருவது மூன்றாம் வகை. தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்தால் கொல்லாஜன் ஜெலட்டின் ஆவதுபோல.

ஒருநாள் செய்முறை வகுப்பில் முட்டை வெண்கருவை நீரில் கலந்து வடிகட்டி, சோதனைக் குழாயின் மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டினோம். மேலே வெண்மையாகத் திரண்டது. கீழே தெளிவாகவே நின்றது. மடிந்திருக்கும் புரதச் சங்கிலி வெப்பத்தால் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கித் திரள்கிறது. இதுவே இயல்பிழத்தல். வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாது அல்லவா! "சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டும் கலங்கல் மறையாவிட்டால் அது புரதம். கர்ப்பிணிகளுக்கு இது முக்கியம்" என்றார் எங்கள் விரிவுரையாளர்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அக்காளுக்கு எட்டாம் மாதம். கால் மட்டுமல்ல, முகமும் வீங்கியிருந்தது, தலைவலி என்றாள். நடவு வேலையால் அந்த மாதப் பரிசோதனைக்கும் போகவில்லை. "தலைப்பிள்ளைக்காரிக்குக் கால் வீங்காம என்னடா செய்யும்? பார்லித் தண்ணி குடிச்சா வத்திடும்" என்றாள் அம்மா. என் கண்முன் அந்தச் சோதனைக் குழாய் வந்து நின்றது. அம்மாவோடு வாதாடி, அக்காளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே சுடரும் இல்லை, குழாயும் இல்லை. செவிலியர் ஒரு சிறு பட்டையைச் சிறுநீரில் தோய்த்தார். மஞ்சள் நிறம் பச்சையானது. அதிலுள்ள சாயத்தை ஆல்புமின் பற்றிக்கொண்டால் நிறம் மாறும். இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்று சொல்லி, 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வண்டியில் அக்காள் என் கையை விடவே இல்லை. கற்ற எந்த வகைப்பாடும் அப்போது நினைவுக்கு வரவில்லை. "உனக்குப் புரியாது" என்று நான் சொன்னதுதான் வந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். பார்க்கப் போனபோது அக்காளே கேட்டாள்: "அந்தப் புரதம்னா என்னதான் தம்பி?"

அருகில் அமர்ந்து, முட்டை வேகும் கதையையும் பால் திரியும் கதையையும் சொன்னேன். "இவ்வளவுதானா? இதைத்தான் தினமும் அடுப்படியில பாக்குறேனே!" என்று சிரித்தாள்.

நண்பர்களே, நம்மைப் படிக்க அனுப்பியவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியாவிட்டால், பாடம் நமக்கே இன்னும் புரியவில்லை என்றுதான் பொருள். அதை எனக்குக் கற்பித்தவள் எட்டாம் வகுப்பு வரை படித்த என் அக்காள்.